மூணு கிலோ வெனிலா

சனிக்கிழமை பதினொன்றே காலுக்கு ஃபோன்.
"அந்த ஃபங்ஷன் இல்லைங்க" என்றது ஓர் ஆண் குரல்.
அப்பாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம்.
பின்னால் யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை
ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
மீதி ஆயிரத்து எண்ணூறையும் கேட்கவில்லை.
வாய் வரை வந்தது.

அயனாவரம், மூன்றாவது மாடி, மே மாதம்.
மேஜைமேல் இரண்டு அடுக்கு வெனிலா.
அதன்மேல் நீல க்ரீமில் என் கையெழுத்து:
ஜெனிலா, ஓர் இதயம், தயாளன்.
அந்த 'ஜெ'வின் கொம்பு சரியாக வளையவில்லை என்று
இரண்டு முறை வழித்துவிட்டு எழுதியிருந்தேன்.

ஞாயிறு முழுக்கத் தின்று பார்த்தோம்.
வாட்ச்மேன் பலராமனுக்கு ஒரு துண்டு,
சிலிண்டர் கொண்டுவந்தவருக்கு ஒரு துண்டு
(யாருக்குப் பொறந்த நாள் என்றார், யாருக்கும் இல்லை என்றேன்,
அதற்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்).
மேல் அடுக்கை யாரும் தொடவில்லை.
பெயரை வெட்டிக் கொடுக்க எனக்கு வரவில்லை.

திங்கள் காலை ஓரங்கள் காய்ந்துவிட்டன.
பெரிய அன்னக்கூடையை எடுத்தேன்.
முதலில் இதயத்தை வழித்தேன்.
சுலபம், வெறும் க்ரீம்தானே.
அடுத்து அவன்.
ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு
அடுத்து அவள்.
விரல்களால் உதிர்க்க உதிர்க்க
மஞ்சள் தூளில் நீலம் ஏறி
கோயில் குளத்துப் பாசி நிறம்.
பரவாயில்லை.
சாக்லேட் எதையும் மூடும்.

லட்டு பிடிக்கும் அதே பிடிதான்,
ஆனால் லட்டுக்குச் சூடு வேண்டும்,
இதற்குச் சூடு ஆகாது.
என் உள்ளங்கை அதைக் கேட்கவில்லை.
ஐஸ் தண்ணீரில் கை நனைத்துத் துடைத்து,
ஒவ்வொன்றாக,
எண்பத்து மூன்று.

கொதிநீர்மேல் கிண்ணம் வைத்து
சாக்லேட் உருகி மினுங்கும் நேரம்
நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.
ஒரே ஒரு சொட்டு.
அவ்வளவும் இறுகி, திரிந்து,
ரோட்டுக்குப் போடும் தார் மாதிரி நின்றது.
அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.
ஜெனிலாவுக்காக இல்லை,
கிலோ நானூற்று இருபது.
இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டுக் கிண்டினேன்.
மனசில்லாமல் இளகியது.

முக்கி எடுத்துத் தட்டில் வைக்கிறேன்,
கரண்ட் போகிறது.
தட்டோடு எதிர்வீட்டுக்கு ஓடினேன்.
ஷமீமாவிடம் இன்வெர்ட்டர் இருக்கிறது,
ஃப்ரிட்ஜில் இடம் இல்லை.
வஞ்சிரத்தைக் கீழே இறக்கி,
இட்லி மாவை என் இடுப்பில் கொடுத்துவிட்டு,
எண்பத்து மூன்றையும் உள்ளே தள்ளினாள்.
"மீன் வாசம் அடிச்சா நான் பொறுப்பில்ல."

அடிக்கவில்லை.
கீழ்த்தளத்து டியூஷன் பையன்கள்
ஒன்று பதினைந்து ரூபாய் என்று
புதன்கிழமைக்குள் தீர்த்தார்கள்.

வியாழன் மாலை, கதவில் ஒரு பெண்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, கண்ணாடியை மட்டும் ஏற்றினாள்.
"மீதிப் பணம்" என்று ஒரு கவரை நீட்டினாள்.
"நான்தான் வேணாம்னு சொன்னேன்.
உங்க தப்பு இல்லையே."
பிறகு, உள்ளே எட்டிப் பார்த்து:
"அந்தக் கேக்கை என்ன பண்ணீங்க?"

டப்பாவில் ஒன்பது மிச்சம்.
நீட்டினேன்.
இப்போது ஹெல்மெட்டைக் கழற்றினாள்.
பாதி கடித்து, கடித்த இடத்தைப் பார்த்தாள்.
"உள்ள பச்சையா இருக்கே."
"அது உங்க பேரு."

மென்றுகொண்டே இருந்தாள்.
"அவர் பேரும் இதுல இருக்கா?"
"கலந்திருக்கும். பிரிச்சு உருட்ட முடியல."

இன்னொன்று எடுத்தாள்.
அதற்குப் பின் இன்னொன்று.
ஆறு மிச்சம் இருந்ததை
டப்பாவோடு கேட்டாள், கொடுத்தேன்.
கவரில் நூறு ரூபாய் அதிகம் இருந்ததை
அவள் படியிறங்கிய பிறகுதான் எண்ணினேன்.

கீழே வண்டி செல்ஃப் எடுக்கவில்லை.
பால்கனியில் நின்று கேட்டேன்,
கிக்கரில் ஓர் உதை,
இன்னோர் உதை,
பலராமன் "சோக்கைப் போடும்மா" என்கிறார்,
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.